நேதாஜியின் செய்தி அமைச்சர்

படை என்றவுடன் வாளும் துப்பாக்கியும் பீரங்கியும் நம் மனக்கண்முன் தோன்றும். அவற்றை ஏந்திச் செல்லும் வீரனும் தோன்றுவான். ஆயினும் ஒவ்வொரு படையிலும் எழுதுகோல் ஏந்திப் பணிபுரிவோர் சிலரும் உண்டு. போர்முனையில் நிகழ்வதை நாட்டு மக்களுக்கு எடுத்துரைப்பதும், மக்களின் மனநிலையைப் படைத்தலைவர்க்கு உணர்த்துவதும், பகைவர் பரப்பும் பொய்யை மறுப்பதும் அவர்தம் கடமைகளாம். இக்காலத்தில் அப்பணியைச் செய்வோர் மக்கள் தொடர்பு அதிகாரி என்று அழைக்கப்படுகின்றனர். வெடித்த குண்டு அந்த நொடியிலேயே அடங்கிவிடும். செய்தியாளர் கூறிய சொல்லோ பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அவரைத் தேடி வந்து கணக்குக் கேட்கும். இத்தகைய பணியை அயல்நாட்டு மண்ணில் எழுந்த விடுதலைப் படைக்காகச் செய்து, அதன் பெருமையையும் துயரத்தையும் ஒருங்கே ஏற்ற தமிழர் ஒருவர் இருந்தார். சுப்பையர் அப்பாதுரை ஐயர் என்பது அவர் பெயர். எஸ். ஏ. ஐயர் என்னும் சுருக்கப் பெயராலேயே உலகம் அவரை அறிந்தது.

அவருடைய பணியின் அருமை விளங்க வேண்டுமானால் செட்டிநாட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நலம். காரைக்குடியிலிருந்து மானாமதுரை செல்லும் இருப்புப்பாதையில் கல்லல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரிலும் அதைச் சூழ்ந்த நகரத்தார் ஊர்களிலும் உள்ள பெருவீடுகள் பல, கடல் கடந்து ஈட்டிய பொருளால் எழுந்தவை. மேலாட்களும் அடுத்தாட்களும் பெட்டியடிப் பையன்களும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்கச் சென்றனர்; மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினர். 1937-ஆம் ஆண்டளவில், கீழைப் பர்மாவில் நெல் மிகுதியாக விளையும் 13 மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலோ இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் உழைத்து வந்தனர். இத்துணைப் பெருந்தொகையினரான மக்களுக்கும் தாயகத்துக்கும் இடையே கப்பலும் கடிதமும் தந்தியுமே பாலமாக விளங்கின.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அப்பாலம் முறிந்தது. ஜப்பானியப் படை சயாமிலும் மலேயாவிலும் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து நான்கைந்து இலட்சம் இந்தியர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி ஓடி வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சி அங்கேயே தங்கியவரைப் பற்றிய சேதி நின்றுபோயிற்று. தபால்காரன் வரவை எதிர்நோக்கித் திண்ணையில் காத்திருந்த குடும்பங்களுக்குக் கணவன் உயிரோடு இருக்கிறானா, மகன் எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்வார் இல்லை. கடிதம் செல்லாத அக்கடலின்மீது ஒன்று மட்டும் தடையின்றிச் சென்றது. அதுவே வானொலி. அவ்வானொலி வாயிலாகக் கிழக்காசிய இந்தியரின் குரலைத் தாயகம் நோக்கி அனுப்பும் பொறுப்புத்தான் பின்னர் ஐயரிடம் வந்து சேர்ந்தது.

ஐயர் 1898-ஆம் ஆண்டில் பிறந்தார். பம்பாயில் செய்தித் தொழிலில் ஈடுபட்டு, ராய்ட்டர் நிறுவனத்தோடு இணைந்த செய்திப் பணியில் பல்லாண்டுகள் பயின்று தேர்ந்தார். செய்தி நிறுவனத்துப் பணி நாளிதழ் ஆசிரியர் பணியினும் வேறுபட்டது. ஆசிரியர் தம் கருத்தை விரித்து எழுதலாம். செய்தி நிறுவனத்தார் அவ்வாறு எழுதுதல் கூடாது. யார், எங்கே, எப்பொழுது, என்ன செய்தார் என்பதை மிகச் சில சொற்களில் தருதல் வேண்டும். அக்காலத்தில் தந்திக்குச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் உண்டாதலால், வேண்டாத சொல் ஒவ்வொன்றும் வீண் செலவாகும். பெயரோ எண்ணோ பிழைபட்டால் அப்பிழை ஒரே நாளில் நூறு நாளிதழ்களில் ஏறிவிடும். ஆதலின் ஒரு செய்தியை விரைவாக அனுப்புதலும், அனுப்பும் முன் சரிபார்த்தலும் ஆகிய இரண்டும் ஐயர்க்கு இயல்பாகவே அமைந்த பழக்கங்களாயின. இப்பழக்கங்கள் பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவு துணை செய்தன, எவ்வளவு வேதனை தந்தன என்பதை மேலே காண்போம்.

1940-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ராய்ட்டர் நிறுவனத்தின் தனிச் செய்தியாளராக அவர் பாங்காக்கு நகருக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு கழிந்ததும் ஜப்பானியர் அந்நகருக்குள் புகுந்தனர். ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் ஊழியர் அங்கே இனிச் செய்தி அனுப்புவது எவ்வாறு? வாழ்க்கை முழுவதும் பிறர் செயலைக் கண்டு எழுதி வந்தவர், தாமே ஒரு செயலில் இறங்கும் வேளை வந்தது. அக்காலத்தில் கிழக்காசியாவில் வாழ்ந்த இந்தியர், முதிய புரட்சியாளராகிய இராஷ் பிகாரி போசைத் தலைவராகக் கொண்டு இந்திய சுதந்திரச் சங்கத்தை வளர்த்து வந்தனர். 1942 ஜூன் மாதத்தில் பாங்காக்கில் கூடிய மாநாடு அச்சங்கத்துக்கு உருவும் விதியும் வகுத்தது. அச்சங்கத்தில் ஐயர் சேர்ந்தார். அதன் செய்தித் துறை அவர் பொறுப்பாயிற்று.

துறை என்று சொல்லிவிடுவது எளிது. அதை நடத்துவது எளிதன்று. தாள் அருமை, அச்சு எழுத்து அருமை, மலேயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பாலோர் தமிழர், படையிலோ பஞ்சாபியரும் பட்டாணியரும் மராட்டியரும் கூர்க்கரும் இருந்தனர். ஒரே அறிக்கையை ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் தமிழிலும் பிற மொழிகளிலும் ஒரே நாளில் ஆக்கித் தர வேண்டும். தோட்டத்தில் பால்மரம் சீவும் தொழிலாளிக்குப் புரியும் தமிழும், படைத்தலைவர் ஏற்கும் ஆங்கிலமும் பொருளில் மாறுபடாதிருத்தல் வேண்டும். இவற்றோடு மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. வானொலி நிலையமும் அச்சகமும் விமானமும் ஜப்பானியர் கையில் இருந்தன. அவர்கள் உதவியின்றி ஒரு சொல்லையும் கடல் கடத்த இயலாது. அவர்கள் சொல்வதையே திருப்பிச் சொன்னால் தாயகத்தார் செவிசாய்க்கமாட்டார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியிலேயே ஐயர் நடக்க வேண்டியிருந்தது.

1943 ஜூலை 2-ஆம் நாள் சுபாஷ் சந்திரபோசு சிங்கப்பூர் வந்தடைந்தார். செருமனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, இடையே ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் கழித்து ஆசியாவை அடைந்திருந்தார் அவர். ஜூலை 4-ஆம் நாள் கத்தே அரங்கில் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அன்று முதல் இரண்டாண்டுகள் ஐயர் அவருடைய நிழலாகவே இருந்தார் எனலாம். நேதாஜி இந்துஸ்தானியில் பேசப் பேச, அவர்தம் உரை மேடையிலேயே தமிழில் பெயர்த்துக் கூறப்பட்டது. மழை கொட்டும்போதும் மக்கள் கலையாது நின்று அவ்வுரைகளைக் கேட்டனர். பெண்கள் தம் கழுத்து அணியையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தனர். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் பலர் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர்.

நகரத்தாரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை இவ்விடத்தில் கூறாது செல்ல மனம் வரவில்லை. அவ்வாண்டு நவராத்திரி விழாவின்போது, சிங்கப்பூரிலுள்ள தம் கோயிலுக்கு வருமாறு நகரத்தார் நேதாஜியை அழைத்தனர். விடுதலைப் போருக்கு நிதி தரவும் முன்வந்தனர். அக்காலக் கோயில் வழக்கப்படி வேற்றுச் சமயத்தார் உள்ளே செல்லுதல் இயலாது. தம் தோழர்கள் அனைவரும் தம்முடன் வர இயலுமானால் மட்டுமே தாம் வருவதாக நேதாஜி தெரிவித்தார். நகரத்தார் இசைந்தனர். முசுலிம்களும் உடனிருக்க நேதாஜி கோயிலுள் நுழைந்தார். அபித் ஹசன் என்னும் முசுலிம் தோழரின் நெற்றியிலும் திலகம் இடப்பட்டது. ஒற்றுமையைப் பற்றி வானொலியில் நாள்தோறும் விடுத்த உரைகளைவிட, அன்று அக்கோயில் வாயிலைக் கடந்த அச்சிறு கூட்டம் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருக்கும் என்றே நாம் கருதலாம். செய்தித் துறையில் பயின்றோர் இதனை நன்கு அறிவர்.

1943 அக்டோபர் 21-ஆம் நாள் தற்காலிக சுதந்திர இந்திய அரசு அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய இரவுகளுள் ஒன்றில் அரசின் பிரகடனம் எழுதப்பட்டது. நள்ளிரவில் நேதாஜி எழுதுகோலை எடுத்தார். விடியும்வரை கீழே வைக்கவில்லை. எழுதி முடித்த ஏடுகள் ஒவ்வொன்றாக அடுத்த அறைக்குச் சென்றன. அங்கே ஐயர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, வந்த ஏட்டை வந்தவுடனே படி எடுத்தார். நூற்றுக்கணக்கான தலைவர்களின் அறிக்கைகளைப் படி எடுத்துப் பழகிய விரல்கள் அவை. ஆயினும் ஓர் அரசு பிறக்கும் ஓலையைத் தட்டச்சிடும் வாய்ப்பு எல்லாச் செய்தியாளர்க்கும் கிட்டுவதில்லை. புதிய அரசில் படையும் வெளிநாட்டு உறவும் நேதாஜியிடமே இருந்தன. மகளிர் துறைக்குத் தமிழகத்தில் வளர்ந்த மருத்துவர் இலட்சுமி பொறுப்பேற்றார். விளம்பரமும் பிரசாரமும் ஐயர்க்கு உரியவாயின. செய்தியாளர் அமைச்சர் ஆனார். அவ்வரசை ஜப்பான், செருமனி, இத்தாலி, சயாம், பர்மா முதலிய ஒன்பது நாடுகள் ஏற்றுக்கொண்டன.

அவ்வாண்டில் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பர்மா அரிசி வரவு நின்றது அதன் காரணங்களுள் ஒன்று; அரசினரின் போர்க்கால நடவடிக்கைகளும் விலையேற்றமும் பதுக்கலும் வேறு காரணங்கள். மாண்டவர் முப்பது இலட்சம் பேர் அளவில் இருப்பர் என்பது பலர் கணிப்பு. கிழக்காசியாவிலிருந்து ஓர் இலட்சம் டன் அரிசி அனுப்பத் தாம் ஆயத்தமாக இருப்பதாகவும், கப்பலுக்குத் தீங்கு செய்யாமல் துறைமுகத்தில் ஏற்றுக்கொள்ள ஆங்கில அரசு உறுதி தந்தால் போதும் என்றும் நேதாஜி அறிவித்தார். வானொலி அதனைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. விடை வரவில்லை. இந்திய நாளிதழ்கள் அச்செய்தியை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பசித்தவனுக்கு அரிசி வராமற்போயிற்று. அரிசி தர ஒருவர் இசைந்தார் என்னும் சேதியுங்கூட வராமற்போயிற்று. வானொலிப் பெட்டி செல்வர் வீடுகளில் மட்டுமே இருந்த காலம் அது. பகைவர் வானொலியைக் கேட்டதாக அறிந்தால் காவலர் வருவர் என்ற அச்சம் வேறு. ஆதலின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்துச் சிலர் கேட்டனர்; கேட்டதைக் காதோடு காதாகப் பிறர்க்குச் சொல்லினர்.

ஆங்கிலேயரும் வாளாவிருந்தாரல்லர். இந்திய தேசிய இராணுவம் என்ற பெயரே இந்தியாவில் வழங்காதவாறு பார்த்துக்கொண்டனர். ஜப்பானியர் தூண்டிய ஐந்தாம் படையினர் என்னும் பொருள்பட ஒரு சுருக்கப் பெயரைத் தம் படைகளிடையே பரப்பினர். இருபுறத்தும் இந்திய வீரரே நின்ற போர் அது. ஒருபுறத்து வீரன் மறுபுறத்து வீரனைத் தன் நாட்டான் என்று எண்ணிவிட்டால் துப்பாக்கி தாழ்ந்துவிடும். அவ்வெண்ணத்தை எழுப்புவது ஒருபுறத்துச் செய்தித் துறையின் வேலை. அதை எழாமல் தடுப்பது மறுபுறத்துச் செய்தித் துறையின் வேலை.

1944 சனவரியில் தற்காலிக அரசின் தலைமை நிலையம் இரங்கூனுக்கு மாறிற்று. மார்ச்சு மாதத்தில் படை எல்லையைக் கடந்து இந்திய மண்ணை மிதித்தது. ஏப்ரல் 14-ஆம் நாள் மணிப்பூரில் உள்ள மொய்ராங்கில் கொடி ஏற்றிற்று. ஜூலை 6-ஆம் நாள் நேதாஜி இரங்கூன் வானொலியில் காந்தியடிகளை நோக்கி உரையாற்றி, அவரைத் தேசத்தின் தந்தை என அழைத்து வாழ்த்து வேண்டினார். காங்கிரசில் அவ்விருவரும் கருத்து வேறுபட்டுப் பிரிந்ததை அறிந்தவர்க்கு அவ்வுரை வியப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த ஜூலை மாதத்திலேயே இம்பால் முற்றுகை தோல்வியில் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது, உணவு வரவில்லை, மருந்து இல்லை. குண்டால் மாண்டவரினும் பசியாலும் நோயாலும் மாண்டவர் மிகுதி. ஆகஸ்டு மாதத்தில் பின்வாங்கலைப் படையினர்க்கு விடுத்த அறிக்கையில் நேதாஜி ஒளிக்காது கூறினார்.

இங்கே ஒன்றை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். எல்லா உண்மைகளும் அவ்வானொலியில் ஏறவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதைக்காக மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டு நோயாலும் கொடுமையாலும் மடிந்தனர். அக்கொடுமையைச் செய்தவர் நட்பு நாட்டார். வானொலி நிலையம் அவர்தம் பிடியில் இருந்தது. ஆகவே மடிந்தவர்க்காக ஒரு குரலும் அதில் எழவில்லை. போர்க்காலச் செய்திப் பணியின் தீராத குறை இது. விடுதலைக்காகப் பேசிய அதே வானொலி வேறொன்றைப் பற்றிப் பேசாமலும் இருந்தது. ஐயரை மதிப்போரும் இதனை மறத்தல் முறையன்று.

1945 ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு நேதாஜி இரங்கூனை விட்டு நீங்கினார். ஜான்சி ராணிப் படைப் பெண்களைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்காமல் தாம் மட்டும் விமானத்தில் செல்ல அவர் ஒப்பவில்லை. பகலில் மரங்களின் கீழ் ஒளிந்தும், இரவில் சேற்றில் புதையும் வண்டிகளைத் தள்ளியும், பின்னர்க் காலால் நடந்தும் அக்கூட்டம் சென்றது. கொப்புளித்த கால்களோடு நேதாஜி நடந்தார். நாற்பத்தேழு வயது நிரம்பிய ஐயரும் உடன் நடந்தார். மூன்று வாரங்களுக்குப் பின் பாங்காக்கை அடைந்தனர். இனி வெல்வோம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. எனினும் ஜூன் மாதத்தில் நேதாஜி சிங்கப்பூர் வானொலியில் மீண்டும் பேசலானார். வேவல் பிரபு முன்வைத்த உடன்பாட்டை ஏற்கலாகாது எனக் காங்கிரசுத் தலைவர்களை நாள்தோறும் வேண்டினார். படை தோற்றபின்னும் சொல் மட்டும் போரிட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் பணிந்தது. 16-ஆம் நாள் நேதாஜி, ஐயர் முதலிய சிலருடன் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டுப் பாங்காக்கு வழியாக மறுநாள் சைகோனை அடைந்தார். அங்கிருந்த விமானத்தில் நேதாஜிக்கும் மற்றொருவர்க்கும் மட்டுமே இடம் உண்டு எனத் தெரிவிக்கப்பட்டது. ஹபிபுர் ரஹ்மான் என்னும் படைத்தலைவரை அழைத்துக்கொண்டு நேதாஜி ஏறினார். ஐயரும் மற்றத் தோழர்களும் விமானத் திடலில் நின்றனர். விமானம் மேலெழுந்து மறைந்தது. தம் தலைவரை அவர்கள் பின்னர்க் காணவில்லை.

20-ஆம் நாள் ஐயர்க்கு ஒரு விமானத்தில் இடம் கிடைத்தது. தைப்பேயில் 18-ஆம் நாள் விமானம் விழுந்து எரிந்ததாகவும், நேதாஜி மருத்துவமனையில் உயிர் நீத்ததாகவும் ஜப்பானியர் அவரிடம் கூறினர். செய்தித் துறையில் முதிர்ந்த அவர் உள்ளம் முதலில் கேட்டது சான்று. சான்றின்றி இந்தியர் எவரும் இதனை ஏற்கமாட்டார் என எடுத்துரைத்தார். தம்மைத் தைப்பேய்க்கே கொண்டுசெல்லுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. அவரை டோக்கியோவுக்கே கொண்டுசென்றனர்.

டோக்கியோவில் அவருக்குக் காத்திருந்த பணியை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. நேதாஜியின் மறைவை உலகுக்கு அறிவிக்கும் செய்தியை எழுத ஜப்பானியர் அவர் உதவியை நாடினர். தம் கண்ணால் காணாததை, தாம் முழுதும் நம்பாததை, அவர் எழுத்தில் வடிக்கத் துணைநிற்க வேண்டியிருந்தது. அரசின் பிறப்பை அறிவித்த ஓலையைத் தட்டச்சிட்ட கையே அவ்வரசின் தலைவர் இறந்த செய்தியையும் ஆக்கித் தந்தது. ஆகஸ்டு 23-ஆம் நாள் அச்செய்தி உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் பலர் அதை நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1942 மார்ச்சு மாதத்தில், டோக்கியோ மாநாட்டிற்குச் சென்ற இந்தியர் சிலர் விமான விபத்தில் மாண்டபோது, மாண்டவருள் சுபாஷ் சந்திரபோசும் ஒருவர் என்று செய்தி பரவியது. காந்தியடிகள் போசின் அன்னைக்கு இரங்கல் தந்தி விடுத்தார். பின்னர் நேதாஜியே செருமனியிலிருந்து வானொலியில் பேசித் தாம் உயிருடன் இருப்பதைப் புலப்படுத்தினார். ஒரு முறை பொய்யான செய்தி மறுமுறையும் பொய்யாகலாம் அன்றோ? மேலும், போர்க்காலத்தில் இருபுறத்து வானொலிகளும் வெற்றியைப் பெருக்கியும் தோல்வியைச் சுருக்கியும் கூறியதை மக்கள் கேட்டிருந்தனர். ஜப்பானிய வானொலி சொல்வதை எவ்வாறு நம்புவது? ஐயர் இனி எத்துணை உறுதியோடு கூறினாலும், பிரசார அமைச்சராக இருந்தவர் கூறும் சொல் என்ற ஐயம் பலர்க்கு எழுவது இயல்பே.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஹபிபுர் ரஹ்மான், தீயால் வெந்த கைகளோடு, அஸ்தியுடன் டோக்கியோ வந்தார். ஐயர் அவரைக் கண்டு, நிகழ்ந்தவற்றை முதலிலிருந்து முடிவுவரை விசாரித்தார். அதன் பின்னரே அவர் உள்ளத்தில் எஞ்சியிருந்த நம்பிக்கை அற்றது. ஐயரும் டோக்கியோவில் சுதந்திரச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவரும் படைத் தலைமை நிலையத்துக்குச் சென்று அஸ்திக் கலசத்தைப் பெற்றனர். செப்டம்பர் 18-ஆம் நாள் அது ரெங்கோஜி என்னும் புத்தர் கோயிலில் வைக்கப்பட்டது.

இதற்குள் தில்லிச் செங்கோட்டையில் வேறொரு நிகழ்ச்சி தொடங்க இருந்தது. ஷா நவாஸ், சேகல், தில்லான் என்னும் மூன்று படைத்தலைவர்களை ஆங்கில அரசு இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. 1945 நவம்பர் 5-ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. அரசனுக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. எதிர்வாதத்திற்குத் தலைமை தாங்கிய புலாபாய் தேசாய், விடுதலைக்காகப் போரிடும் மக்கள் தமக்கென அரசு அமைத்துப் போர் நிகழ்த்தினால், அப்போரில் ஈடுபட்டவரைக் குற்றவாளி எனல் ஆகாது என்று வாதிட்டார். அவ்வாதம் நிலைபெற வேண்டுமானால் தற்காலிக அரசு உண்மையான அரசே என்பதை மெய்ப்பித்தல் வேண்டும். அதற்குச் சான்று கூற அவ்வரசின் அமைச்சரே தேவைப்பட்டார். ஐயர் டோக்கியோவிலிருந்து விமானத்தில் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார்.

டிசம்பர் மாதத்தில் அவர் கூண்டில் நின்றார். வானொலியில் பேசியபோது கேட்போர் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுத்துக் கேட்பாரும் இல்லை. இங்கோ ஒவ்வொரு சொல்லையும் உறுத்துப் பார்த்து வினவும் அரசு வழக்கறிஞர் எதிரே இருந்தார். ஐயர் பழைய செய்தியாளராகவே விடையளித்தார். அரசு எவ்வாறு அமைந்தது, எந்நாடுகள் அதனை ஏற்றன, நிதி எவ்வாறு திரட்டப்பட்டது என்பவற்றை எடுத்துரைத்தார். மலேயாவில் மட்டும் 2,30,000 பேர் அரசுக்குப் பற்றுறுதி கூறிக் கையொப்பமிட்டதைச் சொன்னார். வங்காளத்திற்கு ஓர் இலட்சம் டன் அரிசி தர முன்வந்த செய்தியையும் சொன்னார். இரண்டாண்டுகளாக இந்திய நாளிதழ்களில் வெளிவர இயலாமற்போன அச்செய்தி, நீதிமன்ற நடவடிக்கையின் பகுதியாக நாடெங்கும் அச்சேறியது. வழக்கைப் பொதுமக்கள் அறிய நடத்தினால் அப்படையின்மீது வெறுப்பு எழும் என்று ஆட்சியாளர் எண்ணினர் போலும்! விளைந்தது நேர்மாறு. தெருவெங்கும் ஊர்வலமும் முழக்கமும் எழுந்தன. ஐயரின் வானொலி ஈராண்டு முயன்றும் முடிக்காத பணியை ஆங்கிலேயரின் நீதிமன்றம் ஈரெட்டு வாரத்துக்குள் முடித்துக் கொடுத்தது.

மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் 1946 சனவரி 3-ஆம் நாள் படைத் தலைமைத் தளபதி அத்தண்டனையை நீக்கி மூவரையும் விடுதலை செய்தார். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர்.

விடுதலைக்குப் பின் ஐயர் பம்பாய் அரசின் செய்தி விளம்பரத் துறை இயக்குநராகப் பணியாற்றினார். 1951-ஆம் ஆண்டில் நேதாஜியைப் பற்றிய தம் நினைவுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தின் வரலாற்றையும் எழுதினார். ஆயினும் அவரைப் பலர் தேடி வந்தது 1945 ஆகஸ்டு மாதத்து நிகழ்ச்சிகளைப் பற்றி வினவுவதற்கே. 1956-இல் ஷா நவாஸ் தலைமையில் அமைந்த குழுவின் முன் அவர் சான்று கூறினார். நேதாஜி விமான விபத்தில் மறைந்தார் என அக்குழுவில் இருவர் முடிவு கூறினர். நேதாஜியின் உடன்பிறந்தாராகிய சுரேஷ் சந்திரபோசு அதை ஏற்காது தனியே கருத்தெழுதினார். 1970-இல் அமைந்த கோஸ்லா ஆணையமும் விபத்தையே உறுதி செய்தது. ஐயர் 1980-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆனபின், 2005-இல் முகர்ஜி ஆணையம் விபத்தில் மரணம் நேரவில்லை என்று கூறியது; மறு ஆண்டு அரசு அம்முடிவை ஏற்க மறுத்தது. ஐயர் தம் கையால் ஏந்திச் சென்ற கலசம் டோக்கியோவிலுள்ள ரெங்கோஜி கோயிலிலேயே வைக்கப்பட்டுள்ளது.